மூன்றாம் படுக்கையில் ஒரு முடியிறக்கு

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தரிமாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கேக்கிற வேலை" என்பாள். பொய்யில்லை. இருபத்து நாலு வருஷம் ஊசியும் குழாயுமாக ஓடிய நர்ஸ் அவள். கடைசி ஒன்பது வருஷமாக, ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாக்களின் பக்கத்தில் உட்காருகிறாள். வலிக்கு மருந்து கொடுப்பாள், மூச்சு முட்டினால் அதற்கும் கொடுப்பாள். ஆனால் அவளுடைய அசல் வேலை ஒரு கேள்வி. "பிள்ளைக்குச் செய்யணும்னு நினைச்சு இன்னும் செய்யாம இருக்கிறது என்ன?"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். மங்கோலியாவில், இந்த உலன்பாதரில், சாவு என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அது வந்து வாசலில் நிற்கும் என்று பயம். டாக்டர்களே அதைச் சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள். தரிமா சுற்றி வளைப்பதில்லை, நேரே போய் அதன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். ஒரு சிறுமி ஒட்டகம் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு பையனுக்கு அண்ணனோடு ஒரு சண்டை பாக்கி இருந்தது, சமாதானம் அல்ல, சண்டைதான். இரண்டையும் நடத்திக் கொடுத்தாள். ஒட்டகத்தை ஜன்னலுக்குக் கீழே ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தியதற்காக அவளுக்கு எழுத்து மூலமாக எச்சரிக்கை வந்தது. அதை மடித்து, ஆடும் ஸ்டூல் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள்.

வயது ஐம்பத்தேழு. பன்னிரண்டு மிருகங்களின் பேரில் சுற்றிவரும் வருஷக் கணக்கில் குரங்கு வருஷத்தில் பிறந்தவள், அதனால்தான் வாய் ஓய்வதில்லை என்பார் கணவர் புரெவ். டிராலி பஸ் ஓட்டுகிறார். வீட்டில் பேச முறை கிடைக்காததால் பஸ்ஸில் பயணிகளிடம் பேசித் தீர்த்துக்கொள்வார். சியோலில் வேலை பார்க்கும் மகள் வாராவாரம் போன் செய்து, "போதும்மா, ஓய்வு வாங்கிக்கோ" என்று நச்சரிப்பாள். தரிமா இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள்.

அந்த ஸ்டூல் வந்த கதையை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு தாய் வராந்தாவில் ஆட்டுச்சூப்பு பிளாஸ்க்கோடு காத்திருந்தாள். பார்வை நேரம் மத்தியானம் அரை மணிதான். உள்ளே பிள்ளை போய்விட்டது. கருவிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, கதவைத் திறந்து சொல்வதற்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்தத் தாய் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்து, "இன்னும் சூடா இருக்கே" என்றாள். தரிமா அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மறுநாள் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து படுக்கை அருகில் போட்டு, அடுத்த பிள்ளையின் அம்மாவை உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்று தடவை அதை வெளியே எடுத்துப் போட்டார்கள். நான்காம் தடவை அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

எனெபிஷ் மூன்றாம் படுக்கைக்கு வந்தது இலையுதிர் காலத்தில். எனெபிஷ் என்றால் 'இவன் இல்லை' என்று அர்த்தம். முதல் பிள்ளை தொட்டிலிலேயே போய்விட்டது. இரண்டாவதைத் தேடிவரும் கெட்டது ஏமாந்து போகட்டும் என்று வைத்த பெயர். நம்மில் குப்பன், பிச்சை என்று வைப்பதில்லையா, அதேதான். ஆனால் அது ஏமாறவில்லை. கை, கால், கடைசியில் மூச்சு என்று தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் நோய். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, ஒரு கருவி அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கண்ணும் வலது கட்டைவிரலும் மட்டும் அவன் சொன்னபடி கேட்டன. கண்ணால் சிரிப்பான். பிடிக்காத நர்ஸ் வந்தால் தூங்குவதுபோல் நடிப்பான், கள்ளன்.

அம்மா சொல்மோன், ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. அப்பா பதார்ச், நிலக்கரி லாரி டிரைவர். தரிமா ஸ்டூலில் உட்கார்ந்து தன் கேள்வியைக் கேட்டபோது, சொல்மோன் யோசிக்கவே இல்லை.

"முடி, அக்கா."

பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி தோளைத் தாண்டி வளர்ந்திருந்தது. சொல்மோன் அதைத் தினமும் சீவி இரட்டைச் சடை போடுவாள். எனெபிஷுக்கு அவர்கள் கணக்கில் மூன்று வயது. வெள்ளை மாதம் பிறந்து புத்தாண்டு வந்தால் நாலு. ஆண்பிள்ளைக்கு முதல் முடி ஒற்றைப்படை வயதில்தான் எடுக்க வேண்டும். நாலில் கூடாது, ஐந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஐந்து என்ற எண்ணை இரண்டு பேருமே சொல்லவில்லை.

"வெள்ளை மாசத்துக்கு முன்னாடி எடுத்திடலாம். நான் பாத்துக்கிறேன்" என்றாள் தரிமா.

சொல்மோனின் முகம் பூத்ததைப் பார்த்த பிறகு, இனி தலைகீழாக நின்றாவது செய்தாக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பதார்ச் மடத்துக்குப் போய்ப் பஞ்சாங்கம் பார்க்கும் லாமாவிடம் நாள் குறித்துக்கொண்டு வந்தார். புத்தாண்டுக்கு ஆறு நாள் முன்னால், வியாழக்கிழமை, நண்பகல். பையன் புலி வருஷம். அதனால் முதல் கத்தரி வைப்பவர் நாய் வருஷமோ குதிரை வருஷமோ இருக்க வேண்டும். பதார்ச்சின் அண்ணன் தம்தின் நாய் வருஷம், கோபிப் பாலைவனத்து மண்டல்கோபியிலிருந்து வருவார். பிள்ளைக்குப் பால் தொட்டு வைத்து, நீலப் பட்டு கட்டிய கத்தரியால் வந்தவர்கள் ஆளுக்கொரு கற்றை எடுத்து, வாழ்த்திப் பரிசு தருவது முறை. குரங்கு வருஷக்காரர்கள் மட்டும் எதிரில் நிற்கவும் கூடாது. புலிக்கும் குரங்குக்கும் ஆகாது.

"போச்சு, நான் குரங்காச்சே" என்றாள் தரிமா.

சொல்மோன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க கதவுக்கு வெளிய நில்லுங்கக்கா. உங்க குரல்தான் உள்ளவரைக்கும் கேக்குமே."

அடுத்தது பிரிவுத் தலைவர் டாக்டர் ஒச்சிர். நல்ல மனிதர். ஆனால் கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

"தீவிர சிகிச்சையில விழாவா? கத்தரி, பால், கோபியிலேர்ந்து ஆட்டுக்காரங்க? அக்கா, உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. நீ இங்க பயிற்சிக்கு வந்தப்போ ஊசி பிடிச்ச கை எப்படி நடுங்குச்சுன்னு புதுப் பசங்ககிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. சொல்லணுமா?"

"மிரட்டுறீங்களா?"

"கேக்கிறேன். எத்தனை பேரு?"

"நாலு. இருபது நிமிஷம். பால் கிடையாது."

இறைச்சிச் சந்தையில் தொடைக்கறிக்குப் பேரம் பேசுகிறவள் மாதிரி தரிமா அரை மணி நேரம் நின்றாள். எட்டுப் பேர், இரண்டு இரண்டாக. நாற்பது நிமிஷம். பால் ஒரு சொட்டு, பஞ்சு முனையில், உதட்டில் மட்டும். வெளியே வரும்போது அவளுக்கு நடையே மாறிவிட்டது.

அந்த வாரம் திங்கள்கிழமை காலை எல்லாம் கெட்டது.

துடைத்துவிடும் நேரம். நந்தின் என்ற சின்ன நர்ஸ் எனெபிஷை ஒருக்களித்துத் திருப்பிப் பிடித்திருந்தாள். தொண்டைக் குழாயைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டும் நாடாவை மாற்ற வேண்டும். எங்கேயோ இழுபட்டுக் குழாய் பாதி வெளியே வந்துவிட்டது. கருவி அலறியது. பையனின் உதடு நீலமாயிற்று. நாடாவை அவிழ்த்தால்தான் குழாயைச் சரியாக உள்ளே வைக்க முடியும். நாடாவின் முடிச்சோ இடது சடையின் அடியில் முடியோடு முடியாகச் சிக்கிக் கிடந்தது. நந்தினின் விரல்கள் முடிச்சில் வழுக்கிக்கொண்டே இருந்தன.

"அவிழலை அக்கா, அவிழலை..."

தரிமா கத்தரியை எடுத்தாள். ஒரே வெட்டு. நாடா விழுந்தது, குழாய் உள்ளே போனது, நீலம் மெல்லச் சிவப்பாயிற்று. பத்து விநாடிகூட இருக்காது. அப்புறம்தான் தன் இடது கையைப் பார்த்தாள். நாடாத் துண்டோடு, சுண்டுவிரல் நீளத்துக்கு, மெல்லிய கறுப்பு முடிக்கற்றை.

முதல் முடி. நாய் வருஷத்துக் கையால், நல்ல நேரத்தில், நீலப் பட்டு கட்டிய கத்தரியால் எடுக்க வேண்டியது. எடுத்ததோ குரங்கு வருஷக்காரி, திங்கள்கிழமை, பிளாஸ்டர் வெட்டும் கத்தரியால்.

நந்தின் சுற்றும் முற்றும் பார்த்தாள். "பின்கழுத்து முடிதானே அக்கா. சடைக்கு அடியில இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது? சொல்லாதீங்க."

நல்ல யோசனைதான். நானாக இருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். தரிமாவும் ஒரு கணம் அந்த யோசனையில் காலை நனைத்துப் பார்த்தாள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவள் பிழைப்பே கதவைத் திறந்து சொல்வதுதான். கற்றையைச் சுத்தமான பஞ்சுத்துணியில் வைத்து மடித்து, சட்டைப்பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மத்தியானத்துக்காகக் காத்திருந்தாள்.

அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே வந்தார்கள். தரிமா வராந்தாவிலேயே நிறுத்தி, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். குழாயைப் பற்றிச் சொன்னதைவிட முடியைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். உயிரைக் காப்பாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணியை நீட்டினாள்.

சொல்மோன் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, தேதிப் பலன் பார்த்தாள். அங்கே அரசு அலுவலகத்து மானேஜர்கூட அதைப் பார்க்காமல் முடி வெட்டிக்கொள்ளமாட்டார்.

"இன்னைக்கு வெட்டினா என்ன போட்டிருக்கு?" என்றார் பதார்ச்.

"வாய்ச்சண்டை வரும்னு போட்டிருக்கு."

"வந்தாச்சு" என்றார் பதார்ச். குரல் ஏறியது. "மூணு வருஷம்! மூணு வருஷமா ஒருத்தர் கை படாம காப்பாத்தினா இவ. நாங்க என்ன பெரிசா கேட்டோம்? பையன் நடக்கணும்னு கேட்டோமா? ஓடணும்னு கேட்டோமா? இந்த ஒண்ணே ஒண்ணு. நீங்கதானே அக்கா பாத்துக்கிறேன்னு சொன்னீங்க? உங்களுக்குத் தெரியாதா? வெளிநாட்டுக்காரியா நீங்க?"

"தெரியும்" என்றாள் தரிமா. "தெரிஞ்சும் வெட்டிட்டேன். தப்புதான் தம்பி."

"அப்புறம் எதுக்கு வியாழக்கிழமை? எல்லாம் கெட்டது கெட்டதுதான். அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

பையனைக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். சொல்மோன் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தரிமா அன்று அவள் பக்கத்தில் உட்காரத் துணியவில்லை.

செவ்வாய்க்கிழமை பதார்ச் வரவில்லை. புதனும் வரவில்லை. தரிமா வீட்டில் வெள்ளை மாதத்துக்காகப் பூஸ் என்னும் கறிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். இருநூறு கொழுக்கட்டை பிடித்தும் ஒன்றுகூட வாய் மூடவில்லை. புரெவ் பார்த்துவிட்டு, "என்னடி, எல்லாம் உன்னை மாதிரியே வாயைத் திறந்துகிட்டு இருக்கு?" என்றார். அவள் அழுதுவிட்டாள். கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் அவருக்கு அவளை வாயடைக்கத் தெரிந்தது அன்றுதான். பாவம், அவர் பயந்துபோய் உப்புப் பால் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வராந்தாவில் ஆட்டுவாடை வந்தது. வாடைக்குப் பின்னால் தம்தின் வந்தார், முழங்கால் வரை தோல் பூட்ஸும் டீல் என்னும் நீல நீள அங்கியுமாக. அவருக்குப் பின்னால் பதார்ச், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தம்பி வர வேண்டாம்னு போன் பண்ணினான்" என்றார் தம்தின், யாரும் கேட்காமலே. "நான் அப்பவே பாதி வழி வந்துட்டேன். பாதி வழி வந்தவனைத் திருப்பி அனுப்புவியாடான்னு கேட்டேன்."

பிறகு கேள்வியே இல்லை. கத்தரியும் நீலப் பட்டும் கிருமி போக நீராவியில் வெந்து வந்தன. பட்டு சுருங்கி, பூஸ் மாவு மாதிரி ஆகிவிட்டிருந்தது. தம்தினை நந்தின் கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, முழங்கைவரை மூன்று தடவை தேய்க்க வைத்தாள்.

"என்னம்மா, தோலையே உரிக்கிறே? ஆட்டுக்குக்கூட நாங்க இவ்வளவு பண்றதில்ல."

"ஆட்டை நீங்க தீவிர சிகிச்சைக்குக் கூட்டிட்டு வந்தா அதுக்கும் பண்ணுவேன் அண்ணே."

தரிமா கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். யார் எப்போது உள்ளே போக வேண்டும், யார் கை கழுவினார்கள், யார் இருமினார்கள் எல்லாம் அவள் பொறுப்பு. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. தான் அங்கே இல்லை என்பது அதே அளவு வலித்தது.

எனெபிஷ் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தான். குட்டிச் சிவப்பு டீல், முதுகுப்பக்கம் பிளந்து கட்டியது. பஞ்சு முனையில் ஒரு சொட்டுப் பால் உதட்டில் பட்டதும் கண்ணை அகல விரித்தான். தம்தின் நீலப் பட்டு கட்டிய கத்தரியால் நெற்றிப்பக்கம் ஒரு சிறு கற்றையை எடுத்தார். இந்த இடத்தில் சொல்ல வேண்டிய வாழ்த்து எல்லோருக்கும் தெரியும். முடி வெளுத்துப் பல் பழுக்கும்வரை வாழ வேண்டும்.

"முடி வெளுத்து..." என்று ஆரம்பித்தார் தம்தின். நின்றுவிட்டார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சொல்மோனிடம் போய்த் திரும்பின. "ஒரு குதிரைக்குட்டி" என்றார் சட்டென்று. "சாம்பல் நிறம். போன வசந்தத்துல பிறந்தது. உன் பேருக்குடா." பதார்ச் இரண்டு கையையும் நீட்டி, கண்ணுக்குத் தெரியாத கயிற்றை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்தவர்களும் அதே இடத்தில் தடுக்கினார்கள். சித்தி இரண்டு செம்மறி என்றாள். பள்ளிக்கூடச் சமையலறைத் தோழி கம்பளிக் காலுறை கொடுத்தாள். வாழ்த்தை யாராலும் முடிக்க முடியவில்லை, எல்லோரும் பாதியில் பரிசுக்குத் தாவினார்கள். டாக்டர் ஒச்சிர் எட்டாவது ஆளாகத் தானே வந்து நின்று, ஒரு கற்றை வெட்டி, ஒரு சின்னத் தகர லாரியைப் போர்வைமேல் வைத்தார். வாழ்த்துக்குப் பதில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். எனெபிஷின் கட்டைவிரல் லாரியை ஒரு அங்குலம் தள்ளியது. அறையே சிரித்தது.

மீதி முடியைச் சொல்மோன் மழித்தாள். வட்டமாக, வெள்ளையாக, பளபளவென்று ஒரு தலை வெளிப்பட்டது. வெட்டிய கற்றைகளையெல்லாம் நீலப் பட்டில் சேர்த்தாள். திங்கள்கிழமைக் கற்றையும் அதில்தான் இருந்தது. நாற்பது நிமிஷம் முடிய இன்னும் நாலு நிமிஷம். தரிமா கண்ணாடியைத் தட்டி விரலைக் காட்டினாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது பதார்ச்.

"உள்ள வாங்கக்கா."

"நான் குரங்கு, தம்பி. எதிர்ல நிக்கக்கூடாது."

"அதெல்லாம் முன்னாடியே நின்னு வெட்டியும் ஆச்சு." அவருக்கு இரண்டு நாள் தூக்கமில்லாத கண்கள். "நேத்து நந்தின் போன் பண்ணிச் சொன்னா, பத்து விநாடி தாமதமா இருந்தா என்ன ஆகியிருக்கும்னு. நீங்க அதைச் சொல்லவே இல்ல. பாருங்க, முடியை எடுத்தவங்க உச்சி மோந்து வாழ்த்திட்டுத்தான் போகணும். வெட்டிட்டு வாழ்த்தாம போறதுதான் எங்க ஊர்ல பெரிய தப்பு. வாங்க."

தரிமாவின் சட்டைக் கையைப் பிடித்து அவர் இழுத்துக்கொண்டுதான் போனார். படுக்கையருகே போய்க் குனிந்தாள். முகக்கவசம் இடித்தது. முப்பத்துமூன்று வருஷமாக அவள் இந்த அறையில் ஒரு குழந்தையையும் முகர்ந்ததில்லை. ஒச்சிரைப் பார்த்தாள். ஒச்சிர் உடனே மும்முரமாகக் கருவியின் எண்களைப் படிக்க ஆரம்பித்தார். கவசத்தைக் கீழே இறக்கி, அந்தப் புதுத் தலையின் உச்சியில் மூக்கை வைத்து இழுத்து முகர்ந்தாள். சோப்பும் பாலும் கொஞ்சம் வியர்வையும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற வாசனைதான்.

எல்லோரும் காத்திருந்தார்கள். வாழ்த்து அவள் வாயில் வந்து நின்றது. முடி வெளுத்து, பல் பழுத்து. அவளால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. பாதியில் விட்டுவிட்டுத் தாவவும் முடியாது.

"எனக்கு ஆடும் இல்ல, குதிரையும் இல்லடா கண்ணு" என்றாள். "எங்கிட்ட இருக்கிறதைத் தரேன். உனக்கு வலிக்க விடமாட்டேன். மூச்சு முட்ட விடமாட்டேன். எந்த நாளா இருந்தாலும் நீ அம்மா மடியிலதான் இருப்பே, கதவுக்கு அந்தப் பக்கம் உங்கம்மா நிக்கமாட்டா. இது நான் தர்றது."

நாலு மாதமாக அந்த அறையில் யாரும் தொடாத இடத்தை அவள் தொட்டுவிட்டாள். யாரும் அவள் வாயை அடக்கவில்லை. சொல்மோன் நீலப் பட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். பதார்ச் ஒரு அடி முன்னால் வந்து, மரியாதைக்காகத் தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

எனெபிஷ் வெள்ளை மாதத்தைப் பார்த்தான், நாலு வயதும் ஆனது. புழுதிக்காற்று அடித்த ஏப்ரல் மாதத்து மத்தியானம் ஒன்றில், தரிமா கொடுத்த வாக்கை அப்படியே செலுத்தி முடித்தாள். அவன் அம்மா மடியில் இருந்தான். மூச்சு முட்டவில்லை.